தெருவைக் காணாத தரிசனங்கள்

நம் இலக்கியவாதிகள் பிரான்சுக்குப் போய்வந்து எழுதும் பயணக் கட்டுரைகளில் ஒரு சிற்றாலயம் தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. பெரும்பாலும் அது ஏதேனும் ஒரு மடத்தைச் சேர்ந்ததாக இருக்கும். எழுதுபவர் தற்செயலாக உள்ளே நுழைவார். வண்ணக் கண்ணாடியின் ஊடாக ஒளி சரிந்து விழுந்துகொண்டிருக்கும். முதிய கன்னியாஸ்திரி ஒருவர் மண்டியிட்டிருப்பார். மௌனம் கனக்கும். அடுத்த பத்தியில் கட்டுரையாளருக்குள் ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். அதற்கடுத்த பத்தியில் ரில்கேயின் பெயர் வரும். இவ்வகையில் எத்தனை கட்டுரைகளை வாசித்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவை அனைத்திலும் இல்லாத ஒன்றை மட்டும் கவனித்து வந்திருக்கிறேன். அவற்றில் தெரு இல்லை. அந்த ஆலயத்தின் கதவு எந்தத் தெருவில் திறக்கிறது, பக்கத்துக் கட்டடத்தில் யார் இருந்தார்கள், அந்தக் கதவின் வழியாக யார் வெளியேறி எங்கே போனார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

கலை தன்னளவில் முழுமையானது, அதற்குச் சுற்றுப்புறம் தேவையில்லை என்று நண்பர்கள் பதில் சொல்லக்கூடும். அவர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். வான்ஸ் நகரில் டொமினிக்கன் கன்னியருக்காக மத்தீஸ் வடிவமைத்து 1951இல் அபிஷேகம் செய்யப்பட்ட ஜெபமாலைச் சிற்றாலயம். நீலமும் மஞ்சளும் பச்சையுமான அந்தக் கண்ணாடிகளைப் பற்றித் தமிழில் போதுமான அளவு உருகியாகிவிட்டது. ஆனால் மத்தீஸ் 1941இல் குடலில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுக்கையில் கிடந்ததும், அவரைக் கவனித்துக்கொள்ள வந்த மோனிக் பூர்ஷ்வா என்ற இளம் செவிலி பின்னர் கன்னியாஸ்திரியானதும், அந்த நட்பின் கடனாகத்தான் கடவுள் நம்பிக்கையில்லாத முதியவர் ஒருவர் கோவில் கட்டினார் என்பதும் அந்த உருகல்களில் வருவதில்லை. மலம் ஜலம் அள்ளிய கைகளிலிருந்து பிறந்த ஒளி அது. அதைச் சொன்னால் ஒளியின் மதிப்பு குறைந்துவிடும் என்று எண்ணுபவர்களின் அழகியலை நான் சந்தேகிக்கிறேன்.

வான்சை விட்டுவிடலாம். நான் பேச விரும்புவது பாரிஸில் ரூ து பாக் என்ற தெருவைப் பற்றி. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு பாரிஸ் தெருவொன்றைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் வட்டாரத்தின் கதையில் ஒரு பகுதி அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

தெருவின் 140ஆம் எண்ணில் அன்னை தெரசாவுக்கு முன்பே உலகறிந்த ஒரு சபையின் தாய்மடம் இருக்கிறது. புனித வின்சென்ட் தெ பவுலின் பிறரன்புப் புதல்வியர் சபை. 1830இல் அங்கே பயிற்சியிலிருந்த கத்தரீன் லபூரே என்ற கிராமத்துப் பெண்ணுக்கு மாதா காட்சியளித்ததாகத் திருச்சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1832இல் பாரிஸைக் காலரா சூறையாடியபோது வார்த்து விநியோகிக்கப்பட்ட 'அற்புதப் பதக்கம்' அந்தக் காட்சியிலிருந்து வந்தது. நம்மூர்க் கத்தோலிக்க வீடுகளில் குழந்தைகளின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் அந்த நீள்வட்டத் தகடேதான். லூர்து, லிசியே என்று சுற்றுலா நிறுவனங்கள் அழைத்துச்செல்லும் யாத்திரையில் இந்தச் சிற்றாலயமும் உண்டு. நம் கட்டுரையாளர்களும் போகிறார்கள், மௌனம் கனக்கிறது, திரும்புகிறார்கள்.

அங்கிருந்து சில நிமிட நடைதூரத்தில் 128ஆம் எண். அங்கேயும் ஒரு சிற்றாலயம் உண்டு. 1683இல் அடிக்கல் நாட்டப்பட்டு அந்நூற்றாண்டின் இறுதியில் முடிக்கப்பட்டது. முகப்பில் ஆடம்பரம் எதுவும் இல்லை. பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையின் குருமடம் அது. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்ட பிறகு, 1776இல் தமிழகத்துப் பணித்தளங்கள் இந்தச் சபையின் பொறுப்புக்கு வந்தன. நூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்து 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோதுகூட அதன் முதல் ஆயராக வந்த ஆன்றி ப்ருனியே இச்சபையைச் சேர்ந்தவர்தான். அந்தச் சேலத்திலிருந்துதான் 1997இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் ஓசூரும் அதற்குள் அடங்கும். கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்கச் சிற்றூர்களின் ஆதி வரலாற்றைத் தேடிப்போகும் எவரும் ஏதோ ஒரு இடத்தில் இந்தக் கதவில் வந்து முட்டிக்கொள்வார்கள்.

இந்தச் சிற்றாலயத்தில் ஒரு சடங்கு நடந்துவந்தது. ஆசியாவுக்குப் புறப்படும் இளம் குருக்கள் பீடத்தின் முன் வரிசையாக நிற்பார்கள். பேராசிரியர்களும் சக மாணவர்களும் பிறகு அவர்களின் குடும்பத்தாரும் ஒவ்வொருவராக வந்து, குனிந்து, அவர்களுடைய பாதங்களை முத்தமிடுவார்கள். போகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஷார்ல் தெ கூபர்டின் 1868இல் இந்தக் காட்சியை ஓவியமாகத் தீட்டினார். (நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபர்டினின் தந்தை. படத்தில் அந்தப் பையனும் இருக்கிறான்.) அந்தப் படத்திலேயே இசையமைப்பாளர் குனோவும் இருக்கிறார். அவர் 1843 முதல் 1848 வரை இந்த ஆலயத்தின் இசைப் பொறுப்பாளராக இருந்தவர், குருவாகிவிடலாமா என்றுகூட யோசித்தவர். வழியனுப்புப் பாடலுக்கு இசை அவருடையது. சொற்கள் ஷார்ல் தலே என்ற குருவுடையவை.

இந்த தலே எங்கே வந்தார் தெரியுமா? மைசூர் மிஷனுக்கு. நமக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் கத்தோலிக்க அச்சகத்தை நடத்தியவர். கொரியத் திருச்சபையின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக 1874இல் வெளியிட்டவரும் அவரே. கொரியாவில் காலடி வைக்காமலே எழுதிய வரலாறு அது. கடைசியில் டோங்கினில் 1878இல் இறந்தார். பெங்களூரில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்த ஒருவரின் பாடலுக்கு 'ஃபாஸ்ட்' இசைநாடகத்தை எழுதிய மேதை இசையமைத்தார் என்ற செய்தி ஒரு வங்காள ஊரைப் பற்றியதாக இருந்திருந்தால் இந்நேரம் அதைப் பற்றி மூன்று நாவல்கள் வந்திருக்கும்.

தெருவில் இன்னும் சற்று நடந்தால் 120ஆம் எண். ஷத்தோப்ரியான் தன் கடைசிப் பத்தாண்டுகளை அந்த வீட்டில் கழித்தார். அவருடைய நினைவுக்குறிப்புகளின் இறுதிப் பக்கம், வேதபோதகர்களின் தோட்டத்தை நோக்கித் திறந்திருக்கும் சன்னலின் முன் எழுதப்படுகிறது. 1848 ஜூலையில் அங்கேயே இறந்தார். கிறித்துவத்தின் அழகை ஒரு பெரும் புத்தகமாக 1802இல் எழுதி, புரட்சி மூடிய கோவில்களுக்கு ஒரு தலைமுறையையே திருப்பி அழைத்துவந்தவர். கோதிக் கமான்களும் மணியோசையும் அந்தியும் அவருக்கு மதத்தின் சான்றுகள். நம் பயணக் கட்டுரையாளர்கள் அறிந்தோ அறியாமலோ அவருடைய பேரப்பிள்ளைகள்.

அதே 1848இன் பிப்ரவரியில், அந்தச் சன்னலிலிருந்து தெரியும் தோட்டத்துக்கு அப்பால் இருந்த குருமடத்தில் இன்னொரு முதியவர் இறந்தார். அபே துபுவா. பத்தாண்டுகள் இருவருக்கும் இடையில் ஒரு தோட்டம் மட்டுமே இருந்தது.

துபுவா 1792இல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். அதே ஆண்டுதான் திப்புவோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் பாராமகால், அதாவது நம் கிருஷ்ணகிரிச் சீமை, கும்பினியின் கைக்குப் போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் மைசூர்ச் சீமையில் சிதறிக்கிடந்த கிறித்துவர்களை மறுபடி ஒன்றுசேர்க்கச் சென்றார். தலைப்பாகை கட்டிக்கொண்டார், அம்மைப்பால் குத்த ஊர்களை இணங்கவைத்தார், விவசாயக் குடியிருப்புகளை அமைத்தார். மக்கள் 'தொட்ட சுவாமியவரு' என்று அழைத்தார்கள். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அவருடைய கையெழுத்துப் பிரதியைக் கும்பினி 1807இல் விலைக்கு வாங்கியது. ஆங்கிலத்தில் அது 1816இல் அச்சேறியது. 1823இல் ஊர் திரும்பியவர், பிறகு அந்தக் குருமடத்தின் தலைவராகவும் இருந்தார்.

இந்த மனிதரை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், படிப்பவர்கள்தான் இல்லை. பிராமணர்களை வசைபாட வேண்டியவர்கள் அவரிடமிருந்து இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள். மிஷனரிகள் அனைவரும் நம் பண்பாட்டைப் பழிக்க வந்தவர்கள் என்று நிறுவ வேண்டியவர்கள் வேறு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கங்களில் கணிசமானவை அவருடையவையே அல்ல. புதுச்சேரியில் 1779இல் இறந்த இயேசு சபைக் குரு கேர்தூ எழுதிவைத்திருந்ததை துபுவா தன் பெயரில் எடுத்தாண்டார் என்று சில்வியா முர் 1987இல் ஆவணங்களோடு நிரூபித்துவிட்டார். கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் உறவு உண்டென்று வில்லியம் ஜோன்ஸுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே பாரிஸுக்கு எழுதி அனுப்பிய அதே கேர்தூ. நாலு வரிக் கவிதையில் யார் யாரைத் தழுவினார் என்று மாதக்கணக்கில் சண்டை போடும் நம் சிறுபத்திரிகைச் சூழல், உலகறிந்த இந்தப் பெருந்திருட்டைப் பற்றி ஒரு கட்டுரையாவது போட்டதா?

ஆனால் துபுவாவைத் திருடர் என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. 1826இல் அவர் பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். அதற்கு மூன்று பிரதிகளை வைத்துக்கொண்டார். ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு, ஒன்று கன்னடம். கூடவே பரமார்த்த குருவின் கதையும் பிரெஞ்சுக்குப் போயிற்று. பால்காரரிடம் தெலுங்கிலும் பஸ் கண்டக்டரிடம் கன்னடத்திலும் வீட்டில் தமிழிலும் பேசிப் பழகிய ஓசூர்க்காரனுக்கு அந்த மூன்று பிரதிகளும் யாரும் விளக்காமலே புரியும். (எங்கள் ஊரின் பெயரே கன்னடம். 'ஹொஸ ஊரு', புது ஊர்.) மூன்று மொழிகளை மேசையில் பரப்பிவைத்து ஒரு கதையைத் தேடிய எழுத்தாளர் இன்று இந்த எல்லைப்புறத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நாம் எல்லை மாநாடு போடுகிறோம், பெயர்ப்பலகைக்குத் தார் பூசுவதைப் பற்றிக் கவிதை எழுதுகிறோம்.

துபுவாவின் இன்னொரு நூலைத்தான் திருச்சபையின் பக்திப் பிரசுரங்கள் மறைத்துவைக்க விரும்புகின்றன. இந்தியாவில் கிறித்துவத்தின் நிலைமையைப் பற்றி 1823இல் வெளிவந்த கடிதங்கள். இந்துக்களை மனம்திருப்புவது நடவாத காரியம் என்று அதில் அவர் கையை விரித்துவிடுகிறார். கால் நூற்றாண்டுக்கும் மேலான உழைப்பில் தான் சேர்த்தது இருநூறுக்கும் முன்னூறுக்கும் இடைப்பட்ட ஆட்கள் என்றும், அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் தாழ்த்தப்பட்டோரும் இரந்துண்போருமே என்றும் கணக்குச் சொல்கிறார். தோல்விக்கான சான்றாக அந்தக் கணக்கை அவர் வைக்கிறார். பாதத்தை முத்தமிட்டு அனுப்பப்பட்ட மனிதர், தன்னிடம் வந்து சேர்ந்தவர்களைக் கணக்கில் சேர்க்கவே கூசுகிறார். ஐரோப்பியக் கனவானும் மைசூர் மேற்சாதிக்காரரும் அந்த இடத்தில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

அந்த மூன்றில் இரண்டு பங்குக்காரர்களின் பக்கத்திலிருந்து இந்தக் கதையை எழுதினால் எப்படியிருக்கும்? அவர்கள் எதற்காக வந்தார்கள், பஞ்சத்துக்கா, பாதுகாப்புக்கா, பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்கா? நமக்குத் தெரியாது என்று சொல்லி நழுவ முடியாது, ஏனென்றால் அவர்களைப் பற்றிய எழுத்து இருக்கிறது. ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் மரணப் பதிவேடும் வைக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய சட்டம். நாடு முழுவதற்கும் பிறப்பு இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறைகளில், நிலமோ பட்டாவோ செப்பேடோ கல்வெட்டோ இல்லாத ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் பெயர் தாளில் ஏறிய இடம் பெரும்பாலும் அந்தப் பதிவேடு ஒன்றுதான். தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், ஞானத்தாய் தகப்பன் யார், எல்லாம் இரண்டு வரியில்.

எங்கள் பக்கத்தில் நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். ஓட்டுக்கூரையும் சுண்ணாம்புச் சுவருமாக இருந்த பழைய கோவில்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அதே இடத்தில் வழுவழுப்பான ஓடு பதித்த கான்கிரீட் மண்டபங்கள் எழுகின்றன. சிப்காட் வந்தபின் ஜனம் பெருகிவிட்டது, பழைய கோவில் போதவில்லை. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. வெயிலில் நின்று பூசை காண்பவர்களிடம் போய்ப் பாரம்பரியம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் இடிப்பதற்கு முன் ஒரு புகைப்படம், ஓர் அளவுப்படம், கல்லறை வாசகங்களின் ஒரு பிரதி எடுக்கப்படுகிறதா? பதிவேடுகள் எந்த அலமாரிக்குப் போகின்றன? கரையான் என்பது நம் வட்டாரத்தின் மிகத் திறமையான ஆவணக் காப்பாளர். ரூ து பாக்கிலோ, அங்கிருந்து வந்த ஒவ்வொரு குருவுக்கும், நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஒரு வாழ்க்கைக் குறிப்பு பேணப்பட்டு இன்று இணையத்திலும் கிடைக்கிறது. ஞானஸ்நானம் கொடுத்தவரைப் பற்றி, பிறந்த ஊர் முதல் இறந்த நாள் வரை, நான் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து வாசித்துவிட முடியும். ஞானஸ்நானம் பெற்றவரின் பெயர் இருக்கும் புத்தகம் உள்ளூரில் தூளாகிக்கொண்டிருக்கும்.

இதற்குத் திருச்சபையை மட்டும் குற்றம் சொல்வது சோம்பேறித்தனம். நடுகல்லைத் தேடி முள்ளுக்காட்டில் அலையும் ஆர்வலர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மயிலாடும்பாறை இரும்பின் காலம் 2022இல் அறிவிக்கப்பட்டபோது நாங்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய இரும்பு நம்முடையது, நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய பதிவேடு மட்டும் 'அவர்களுடையது' என்பது என்ன கணக்கு? அந்நியர் கட்டியது, காலனியத்தின் எச்சம் என்று ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கட்டுவித்தவர் பிரெஞ்சுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கல் சுமந்தவர் யார்? சுண்ணாம்பு அரைத்தவர் யார்?

ரூ து பாக்கில் நான் இன்னும் சொல்லாத ஒரு கட்டடம் இருக்கிறது. அற்புதப் பதக்கத்தின் ஆலயத்தை ஒட்டியே நிற்கும் போன் மார்ஷே. 1852இல் அரிஸ்தீத் பூசிக்கோ கைக்கு வந்து உலகின் முதல் பேரங்காடிகளில் ஒன்றாக வளர்ந்தது. எமிலி ஜோலா அதை நேரில் ஆராய்ந்துதான் சிறுகடைகளை விழுங்கும் ஓர் அங்காடியைப் பற்றிய தன் நாவலை 1883இல் எழுதினார். கிராமங்களிலிருந்து வந்த விற்பனைப் பெண்களுக்குக் கடையின் மேல்மாடத்திலேயே தங்கும் அறை, அங்கேயே சாப்பாடு, இரவில் திரும்ப வேண்டிய நேரம் நிர்வாகத்தின் கையில். ஜோலாவின் கதாநாயகி அப்படி ஓர் அறையில்தான் குளிரில் நடுங்குகிறாள். ஒரு சுவருக்கு இப்பக்கம் கிராமத்துப் பெண்ணொருத்திக்கு மாதாவின் காட்சி, அப்பக்கம் கிராமத்துப் பெண்கள் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள். சன்னலொளியைப் பற்றி எழுதும் நண்பர்கள் அந்த அங்காடிக்கும் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வாசனைத் திரவியம் வாங்கிவருகிறார்கள். கட்டுரையில் அது வருவதில்லை.

ஓசூரில் வசிக்கும் எவருக்கும் ஜோலாவின் மேல்மாடம் தெரியும். கைபேசி உதிரிபாகம் செய்யும் ஆலைகளின் பேருந்துகள் விடியுமுன் விடுதி வாசல்களில் நிற்கின்றன. 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் ஒருவர் இங்கே வரவிருக்கும் ஆலையைப் பற்றிப் பேசும்போது, ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த 6,000 பழங்குடிப் பெண்கள் அதில் வேலைக்குச் சேர்க்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். அந்த ராஞ்சி வட்டாரத்தில்தான் 1885 முதல் லீவன்ஸ் என்ற பெல்ஜிய இயேசு சபைக் குருவின் பின்னால் முண்டாக்களும் ஓராவோன்களும் ஊர் ஊராகக் கத்தோலிக்கத்துக்கு வந்தார்கள், ஜமீன்தார்களுக்கு எதிரான நிலவழக்குகளின் வழியாக. சாதிரி பேசும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை மாற்றுவேலை முடிந்து, தமிழ்ப் பூசையின் கடைசி வரிசையில், தன் மொழியில் ஒரு சொல்லும் இல்லாத பாடலுக்கு உதட்டை அசைத்துக்கொண்டு நிற்கக்கூடும். அவள் ஊரை விட்டுக் கிளம்பியபோது யாரும் வரிசையில் வந்து பாதத்தை முத்தமிடவில்லை, குனோ இசையமைக்கவும் இல்லை.

அவளைப் பற்றி இந்த வட்டாரத்தில் ஒரு சிறுகதையும் நான் இதுவரை வாசிக்கவில்லை. பாரிஸ் மடத்தின் சன்னலொளியைப் பற்றி மட்டும் சென்ற ஆண்டில் நான்கு கட்டுரைகள் வாசித்தேன். அடுத்த கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் நண்பர், விமானநிலையத்திலிருந்து திரும்பும் வழியில் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடி தாண்டியதும் வண்டியைச் சற்று நிறுத்தி, ஏதேனும் ஒரு ஞாயிறு காலை, இங்குள்ள கோவில் ஒன்றின் கடைசி வரிசையில் வந்து நிற்கட்டும். இங்கே கண்ணாடிகள் வண்ணமில்லாதவை, மின்விசிறிகள் பலமாகச் சத்தமிடும்.